மூன்றாம் மாடியில் வதனரூபி

அறைக்கு முற்பணம் வாங்கிய கையோடு
மிஸிஸ் சின்னராஜா சொன்னார்:
"பொலிஸ் பதிவில உம்மட பெயரைப் போட இப்ப ஏலாது.
முந்தி இருந்த பிள்ளையின்ர பெயர்தான் கிடக்கு.
ஆரும் கேட்டா அதையே சொல்லும்."

அவ்வளவுதான்.
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்,
நோட்டுகளை அவர் எண்ணி முடிப்பதற்குள்
நான் வதனரூபியானேன்.
என் பெயரில் எனக்கும் அந்நாட்களில்
பெரிய ஒட்டுதல் இருக்கவில்லை.

சுலபமாகத்தான் இருந்தது.
ரயில் போகும்போதெல்லாம் குலுங்கும் பெட்டியில்
அவள் விட்டுப்போன அரைத்துண்டுச் சவர்க்காரம்.
அதையே தேய்த்துக் குளித்தேன்.
அலுமாரித் தட்டில் விரித்த பேப்பருக்கு அடியில்
அவளுடைய அடையாள அட்டை.
படம் ஈரத்தில் ஊறி
இரண்டு கண்ணும் ஒரு கன்னமும் மிச்சம்.
யாராகவும் இருக்கலாம்.
மூலையில் ஒரு குடை,
கைப்பிடி முழுக்கப் பல் பதிந்த தடம்.
ஆராவது குடையைக் கடிப்பார்களா?
மூன்றாம் கிழமை, நூறாம் இலக்க பஸ்ஸில்,
பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டும்போது பார்க்கிறேன்,
கைப்பிடி என் வாய்க்குள்.

கடிதங்கள் வந்தன.
பிரிக்கவில்லை என்று எழுதினால் நம்புவீர்கள்.
பிரித்தேன்.
எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து,
தாளைக் கிழிக்கும் அழுத்தம்:
"ரூபி, நீ செய்ததை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."
என்ன செய்தாள்?
எந்தக் கடிதத்திலும் இல்லை.
பதில் போட்டேன்: "சொல்லாததற்கு நன்றி."
அதை எழுதும்போது கை நடுங்கவில்லை.
அதை நினைத்துத்தான் விடியும்வரை நித்திரையில்லை.

ஐப்பசி மழையில் அவன் வந்தான்.
கிருபைராசன், தமையன் என்றான்.
"என்ன ரூபி, நல்லா மெலிஞ்சு போனாய்"
என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.
அவன் தமையன் இல்லை, எனக்குத் தெரியும்.
நான் தங்கை இல்லை என்பது
அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
இரண்டு பொய்களும் எதிரெதிரே இருந்து
மேரி பிஸ்கட் நனைத்துத் தேத்தண்ணி குடித்தன.
"இப்பவும் மூண்டு கரண்டிதானே?" என்றான்.
சீனி போட்டுக் குடித்தறியாதவள் நான்.
மூன்று கரண்டி போட்டேன்.
திகட்டவில்லை.

போகும்போது படியில் நின்று,
குரலை இறக்கிக் கேட்டான்:
"அந்தச் சாவியை எங்க வச்சனி?"
"வச்ச இடத்திலதான்" என்றேன்.
அவன் முகத்தில் முதல்முறையாகப் பயம்.
அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது.
இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

தெஹிவளைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தார்கள்.
வரிசையில் இறக்கி, அட்டையை வாங்கி,
"நம மொகக்த?" என்றான் ஒரு சின்னப் பெடியன்.
ஏனோ அன்றைக்கு, ஒரேயொரு தரம்,
அம்மா வைத்த பெயரைச் சொன்னேன்.
அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
டோர்ச்சைக் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.
பொய் சொல்லாதே தங்கச்சி என்று
அவன் மொழியில், கோபமில்லாமல் சொன்னான்.
"மன்னிக்கவும்" என்றேன். "வதனரூபி."
போகச் சொன்னான்.

அவள் ஆர் என்பது இப்போது என் கவலையில்லை.
திரும்பி வந்தால் கட்டிலைக் கொடுத்துவிடுவேன்.
அவள் என்ன செய்தாள் என்பது
ஒருநாள் எனக்கு ஞாபகம் வந்துவிடுமோ
என்றுதான்.

நேற்றுச் சவர்க்காரம் கரைந்து முடிந்தது.
சந்திக் கடை மௌஜூத் நானா
நான் வாய் திறக்குமுன்
மேல்தட்டிலிருந்து அதே பச்சைக் கட்டியை எடுத்து வைத்தார்.
"வழமையானதுதானே, மிஸ்?"
எத்தனை வருடமாய் என்று கேட்கத்தான் நினைத்தேன்.
மிச்சக் காசை எண்ணி வாங்கினேன்.
வெளியே தூறல்.
குடையை விரித்தேன்.